ஒரே மனுவில் பல நாட்டு டிரேட்மார்க்: மாட்ரிட் வழியா, நாடு நாடாகவா?

காங்கேயம்_செக்கு | திங்கள், காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதவேண்டிய நிலை.

எங்களுடையது செக்கு எண்ணெய், மசாலாப் பொடி வியாபாரம். அப்பா காலத்தில் ஒரு மரச்செக்கு, இப்போது ஆறு ஓடுகிறது. மூன்று வருடமாகச் சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்குச் சரக்கு போகிறது. சவூதியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு கன்சல்டன்ட் வந்து, "மூன்றரை லட்சம் கொடுங்கள், வேர்ல்டு டிரேட்மார்க் எடுத்துத் தருகிறேன். 120 நாட்டுக்கு மேல் செல்லும். ஆறு மாதத்தில் ஜெனிவாவிலிருந்து சர்டிபிகேட் வரும்" என்றார். மாதிரிக்கு ஒரு சர்டிபிகேட்டும் காட்டினார், பார்க்க அசலாகத்தான் இருந்தது.

இந்தியாவில் எங்கள் லேபிளுக்கு மனு போட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. தமிழ் எழுத்தில் பெயர், பக்கத்தில் காளைப் படம், பச்சையும் சிவப்பும். இணையத்தில் பார்த்தால் "அப்ஜெக்டட்", அதாவது பரிசோதகர் தடை சொல்லியிருக்கிறார், என்று காட்டுகிறது. இந்த நிலையில் வேர்ல்டு டிரேட்மார்க் எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_படிப்பவன் | திங்கள், காலை 10:40

வேர்ல்டு டிரேட்மார்க்கா! நிலாவில் கிரவுண்டு வாங்கப் பட்டா கொடுத்தவரும் இவரும் ஒரே ஆபீஸ் போலிருக்கிறது.

குறிஞ்சி_வக்கீல் | திங்கள், மதியம் 1:05

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவர் காட்டிய சர்டிபிகேட் அசலாகவே இருக்கலாம், சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

உலகம் முழுவதற்கும் ஒரு டிரேட்மார்க் என்று எதுவும் கிடையாது. டிரேட்மார்க் உரிமை ஒவ்வொரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். மாட்ரிட் ஏற்பாடு என்பது கிட்டத்தட்ட ஒரு தபால் வழி. உங்கள் நாட்டு அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கிறீர்கள். இந்தியாவில் ஒரு மனுவோ பதிவோ இருக்கிறது என்று சரிபார்த்து, அவர்கள் அதை ஜெனிவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு, அதாவது வைப்போவுக்கு அனுப்புகிறார்கள். வைப்போ படிவம், கட்டணம், பொருட்பட்டியல் மூன்றையும் மட்டும் பார்க்கும். சரியாக இருந்தால் தன் பதிவேட்டில் ஏற்றி, நீங்கள் குறிப்பிட்ட நாடுகளுக்குத் தகவல் அனுப்பும். அந்தச் சமயத்தில் ஒரு சர்டிபிகேட்டும் வரும். அதைத்தான் அவர் காட்டியிருப்பார்.

அந்தத் தாள் ஒரு நாட்டிலும் உரிமை தராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் தன் சட்டப்படி பரிசோதிக்கும். மறுக்க நினைத்தால் 12 மாதத்துக்குள் சொல்லவேண்டும். 18 மாதம் வேண்டும் என்று அறிவித்த நாடுகளும் உண்டு, இந்தியா அதில் ஒன்று. அந்தக் கெடுவுக்குள் மறுப்பு வராவிட்டால்தான் அந்த நாட்டில் பாதுகாப்பு கிடைத்ததாக அர்த்தம். "ஆறு மாதத்தில் சர்டிபிகேட்" என்பது பொய்யில்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போட்டு அச்சடித்துவிடுவீர்கள் பாருங்கள், அதுதான் வம்பு. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது நம் சட்டத்திலேயே 107ஆம் பிரிவுப்படி குற்றம்.

அடுத்து, "120 நாடு". இன்றைக்கு மாட்ரிட்டில் 115 உறுப்பினர்கள், அவர்கள் வழியாக 131 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியமும் சில ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பும் தலா ஒரு உறுப்பினராக இருப்பதால்தான் இந்த வித்தியாசம். ஆனால் மனு போட்டவுடன் அத்தனை நாட்டுக்கும் போய்விடாது. எந்தெந்த நாடு என்று நீங்கள் குறிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டவேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சவூதி இதில் உண்டா?" சவூதி, குவைத், இலங்கை மூன்றும் மாட்ரிட்டில் இல்லை. அமீரகம், பஹ்ரைன், ஓமன், கத்தார் இருக்கின்றன. அமீரகம் 2021 கடைசியில்தான் சேர்ந்தது.

சரி, உங்கள் இந்திய மனு எதனால் அப்ஜெக்ட் ஆனது? பரிசோதனை அறிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் போடவேண்டும். போட்டாயிற்றா?

காங்கேயம்_செக்கு | திங்கள், மதியம் 2:30

பதில் போட்டோம் மேடம். ஹியரிங் தேதிக்குக் காத்திருக்கிறோம். 11ஆம் பிரிவு என்று போட்டிருந்தது. எண்ணெய்க்கே இன்னொருவர் காளைப் படம் வைத்திருக்கிறாராம். மிளகாய்ப்பொடி பக்கம் தடை ஒன்றும் இல்லை.

திருப்பூர்_பனியன் | திங்கள், மாலை 6:18

காளை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் உள்ளாடை பிராண்டுக்கு இந்தியாவில் மனு போட்டு மூன்று மாதத்தில், அதையே அடிப்படையாக வைத்து மாட்ரிட்டில் நாலு நாடு குறித்தோம். ஐரோப்பா உட்பட இரண்டு இடத்தில் சுத்தமாகக் கிடைத்தும்விட்டது. அப்புறம் இந்தியாவில் மனு ஜர்னலில், அதாவது யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு அலுவலகம் வெளியிடும் இதழில், வந்தது. மூன்றாவது மாதம் வடக்கே ஒரு கம்பெனி ஆட்சேபணை போட்டது. வழக்கு நடந்தது, தோற்றோம். அதோடு போயிற்று என்று நினைத்தால், வைப்போவிலிருந்து கடிதம்: உங்கள் அடிப்படை மனு விழுந்துவிட்டதால் சர்வதேசப் பதிவும் ரத்து. கிடைத்த இரண்டு நாடும் சேர்ந்து போச்சு. ஐரோப்பாவில் எங்களை யாரும் எதிர்க்கவே இல்லை, ஆனாலும் போச்சு.

அடிமரத்தை வெட்டினால் கிளையில் காய் இருந்தால் என்ன, பூ இருந்தால் என்ன.

குறிஞ்சி_வக்கீல் | திங்கள், இரவு 8:44

பனியன் அண்ணன் சொன்னதைத்தான் எங்கள் தொழிலில் "சென்ட்ரல் அட்டாக்" என்பார்கள். சர்வதேசப் பதிவுத் தேதியிலிருந்து ஐந்து வருடம் அது சொந்த நாட்டு மனுவைச் சார்ந்தே நிற்கும். இங்கே மனு மறுக்கப்பட்டாலோ, வாபஸ் ஆனாலோ, பதிவு ரத்தானாலோ அங்கெல்லாம் விழும். இங்கே பொருட்பட்டியல் குறைந்தால் அங்கும் அதே அளவு குறையும். ஐந்து வருடம் முடிவதற்கு முன் தொடங்கிய வழக்கு ஆறாவது வருடம் முடிந்து தோற்றாலும் இதே கதைதான்.

தப்பிக்க ஒரு சின்னக் கதவு உண்டு. ரத்தான தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் நேரடி மனுவாக மாற்றிக்கொள்ளலாம். பழைய சர்வதேசத் தேதி அப்படியே கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஏஜென்ட் பிடித்து, புதிதாகக் கட்டணம் கட்டவேண்டும். அண்ணா, நீங்கள் மாற்றினீர்களா?

திருப்பூர்_பனியன் | திங்கள், இரவு 9:20

ஐரோப்பாவை மட்டும் மாற்றினோம். மற்ற மூன்றுக்கும் பட்ஜெட் இல்லை. அந்த மூன்று மாதமே எங்களுக்குத் தெரிந்தது ஐம்பதாவது நாளில்தான்.

பழங்கதைப்_பித்தன் | செவ்வாய், காலை 7:02

இந்த ஐந்து வருடக் கட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமோ என்னவோ.

1883இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. அது ஒரே மனு முறை இல்லை. ஒரு நாட்டில் டிரேட்மார்க் மனு போட்டால், ஆறு மாதத்துக்குள் வேறு உறுப்பு நாட்டில் போடும் மனுவுக்கும் முதல் மனுவின் தேதியே செல்லும், அவ்வளவுதான். இந்தியா அதில் சேர்ந்தது 1998 டிசம்பரில்தான்.

1891 ஏப்ரலில் மாட்ரிட் நகரில் இன்னொரு உடன்படிக்கை. ஒரு நாட்டுப் பதிவை மையமாக வைத்து மற்ற நாடுகளுக்குப் போகும் முறை இதிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் பதிவுகள் 1893இல் நடந்தன. லான்ஜின்ஸ் கடிகாரக் கம்பெனி அந்த வருடம் பதிந்த சின்னம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் மறக்காமல் புதுப்பித்திருக்கிறார்கள். நம் வீட்டில் வண்டி இன்சூரன்ஸே மறந்துபோகும்.

பழைய முறை பிரெஞ்சு பாணியில் இருந்தது. மொழி பிரெஞ்சு மட்டும். வெறும் மனு போதாது, சொந்த நாட்டில் பதிவே முடிந்திருக்கவேண்டும். மறுப்பதற்குப் பரிசோதகருக்கு ஒரே வருடம். கட்டணமும் குறைவு. பதிவுக்கு முன் நிதானமாகப் பரிசோதித்துப் பழகிய பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் இது கட்டுப்படியாகவில்லை. அங்கே பதிவு முடியவே காலம் ஆகும். அதற்குள் பிரான்சுக்காரர் வந்து இவர்கள் ஊரில் இடம் பிடித்துவிடுவார். அதனால் நூறு வருடம் வெளியிலேயே நின்றார்கள்.

1989இல் அதே மாட்ரிட்டில் நெறிமுறை என்று இரண்டாவது ஒப்பந்தம் போட்டு, இவர்களுக்காகவே கதவைத் திறந்தார்கள். நிலுவையில் உள்ள மனுவே போதும், 18 மாதம் வரை மறுக்கலாம், நாடு விரும்பினால் தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலமும் செல்லும். வக்கீல் சொன்ன மூன்று மாதக் கதவும் அப்போது வைத்ததுதான். 1996 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2003இல் சேர்ந்தது, நாம் 2013 ஜூலை 8இல். ஐந்து வருடக் கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோதும் சாமி அறையை மட்டும் விட்டுவைத்த மாதிரி.

சிங்கை_தம்பி | செவ்வாய், காலை 9:35

நான் சிங்கப்பூரில் இந்தத் துறையில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன், வக்கீல் இல்லை. காங்கேயம் அண்ணனுக்கு ஒரு மாற்றுக் கருத்து.

மாட்ரிட்டின் லாபம் எல்லாம் நாடுகளின் எண்ணிக்கையில்தான். உங்களுக்கு இப்போது வியாபாரம் நடப்பது மூன்று நாட்டில். சவூதி, இலங்கை இரண்டும் எப்படியும் நேரடி மனுதான். மாட்ரிட்டில் முதலில் அடிப்படைக் கட்டணம்: கறுப்பு வெள்ளையென்றால் 653 சுவிஸ் ஃபிராங்க், வண்ணமென்றால் 903. உங்கள் லேபிள் பச்சையும் சிவப்புமாக இருப்பதற்கே 250 ஃபிராங்க் கூட. அதன்மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. சில நாடுகளுக்குப் பொதுக் கட்டணம் 100 ஃபிராங்க். சிங்கப்பூர், மலேசியா போன்றவை வகுப்புக்கு, அதாவது பொருட்களைப் பிரித்து வைத்திருக்கும் வகைக்கு, இவ்வளவு என்று தங்கள் கட்டணத்தையே வாங்கும். எண்ணெய் 29ஆம் வகுப்பு, மசாலா 30ஆம் வகுப்பு, ஆக இரண்டு வகுப்பு.

இங்கே நேரடியாகப் போட்டால், அலுவலகத்தின் அங்கீகரித்த பட்டியலிலிருந்து பொருட்பெயரை எடுத்தால் கட்டணம் குறைவு. மாட்ரிட்டில் வரும்போது இந்தியப் பட்டியலில் உள்ள வாசகம்தான் வரும். "மசாலாப் பொடி மற்றும் அனைத்து வகை உணவுப் பொருட்கள்" என்று இந்தியாவில் எழுதியிருந்தால், "அனைத்து வகை" என்ற சொல்லுக்கே வைப்போ குறைபாட்டுக் கடிதம் அனுப்பிவிடும். அதற்கு மூன்று மாதத்தில் பதில் வேண்டும்.

ஏதாவது நாடு மறுத்தால் அந்த ஊர் ஏஜென்ட்டைத்தான் வைக்கவேண்டும். மறுப்பு வராவிட்டால் மாட்ரிட் மலிவு. வந்தால் இரண்டு செலவு.

குறிஞ்சி_வக்கீல் | செவ்வாய், மதியம் 12:50

தம்பி சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். மீதிக் கால்வாசி பராமரிப்பு. நேரடியாக எட்டு நாட்டில் பதிந்தால் எட்டுப் புதுப்பித்தல் தேதி. கம்பெனி முகவரி மாறினால் எட்டு மனு. மாட்ரிட்டில் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரே படிவம். முகவரி மாற்றமும் ஒரே படிவம். பின்னால் ஜப்பானுக்குப் போகிறீர்களா, 300 ஃபிராங்க் அடிப்படையும் ஜப்பான் கட்டணமும் கட்டி அதே பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஜப்பானில் உங்கள் தேதி சேர்த்த நாளிலிருந்துதான்.

இந்திய அலுவலகத்துக்கு மாட்ரிட் மனுவைச் சரிபார்த்து அனுப்ப ₹5,000. அது ரூபாயில். ஃபிராங்க் கணக்கை நேராக வைப்போவுக்குக் கட்டவேண்டும். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டாலும் அடிப்படையே அறுபத்தைந்தாயிரம் ஆகிறது. அந்தக் கன்சல்டன்ட்டின் மூன்றரை லட்சத்தில் எந்தெந்த நாடு, எத்தனை வகுப்பு என்று எழுதிக் கேளுங்கள். வைப்போ தளத்தில் கட்டணக் கணிப்பான் இருக்கிறது. நாட்டையும் வகுப்பையும் தட்டினால் ஐந்து நிமிடத்தில் தொகை வந்துவிடும்.

யாழ்_வடலி | செவ்வாய், மாலை 5:15

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியும் ஒடியல்மாவும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குறியைப் பதிந்து வைத்திருக்கிறேன். இலங்கை மாட்ரிட்டில் இல்லை என்றால், என்னைப் போன்ற ஆட்களுக்கு வழியே இல்லையா? பெரும்பாலும் கனடா, லண்டன், பாரிஸ்தான் போகிறது. ரொறன்ரோவில் மச்சான் கடை வைத்திருக்கிறார். அவர் பெயரில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

குறிஞ்சி_வக்கீல் | செவ்வாய், இரவு 9:10

வடலி ஐயா, வழி இல்லாமல் இல்லை. மாட்ரிட்டைப் பயன்படுத்த, உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாகவோ, அங்கே குடியிருப்பவராகவோ, அங்கே உண்மையாக இயங்கும் தொழில் நிலையம் உள்ளவராகவோ இருக்கவேண்டும். அடிப்படை மனுவும் அந்த நாட்டில்தான் இருக்கவேண்டும். உங்களுக்குக் கனடாக் குடியுரிமையும் இருந்தால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே கனடாவில் மனு போட்டு, அதை வைத்து மாட்ரிட் போகலாம். கனடா 2019இலேயே சேர்ந்துவிட்டது.

மச்சான் பெயரில் போட்டால் உரிமையாளர் மச்சான், நீங்கள் இல்லை. நாளைக்கு உங்கள் பெயருக்கு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மாட்ரிட் பதிவைத் தகுதி இல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. இலங்கை முகவரி மட்டும் உள்ள உங்களுக்கு அது வந்து சேராது. மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும், அவருக்குப் பிறகு யார் என்று யோசியுங்கள்.

இலங்கை பாரிஸ் உடன்படிக்கையில் 1952லிருந்து இருக்கிறது. அதனால் அடுத்த முறை புதுக் குறி எதையாவது கொழும்பில் போட்டால், ஆறு மாதத்துக்குள் கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றிலும் முன்னுரிமை, அதாவது கொழும்பு மனுவின் தேதியையே, கேட்டு நேரடியாகப் போடுங்கள். ஐரோப்பாவுக்கு ஒரே மனு, 27 நாடு. பிரிட்டன் இப்போது அதில் சேராது, அதற்குத் தனி.

யாழ்_வடலி | செவ்வாய், இரவு 10:02

மிக்க நன்றி அக்கா. மச்சானோடு இதைக் கதைப்பதைவிட மூன்று மனுப் போடுவது சுகம் போலக் கிடக்கிறது.

காங்கேயம்_செக்கு | புதன், காலை 8:20

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மலேசியாவில் எங்கள் சரக்கை இறக்குபவர், "நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், பிராண்டை நானே என் பெயரில் இங்கே பதிந்துகொள்கிறேன், செலவும் என்னுடையது" என்கிறார். நல்ல மனிதர். மூன்று வருடத்தில் ஒரு பேமென்ட்கூடத் தள்ளிப்போனதில்லை.

திருப்பூர்_பனியன் | புதன், காலை 8:31

வேண்டாம்.

மதுரை_ஏற்றுமதி | புதன், காலை 9:47

நானும் "வேண்டாம்". வளைகுடாவில் எங்களுக்கு இப்படி ஒருவர் இருந்தார். ஏழு வருடப் பழக்கம், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர். பிராண்டு அவர் பெயரில். விலையில் தகராறு வந்து வேறு ஆளுக்குச் சரக்கு அனுப்பினோம். எங்கள் பெயர் போட்ட எங்கள் சரக்கை, அவர் டிரேட்மார்க்கை மீறிய சரக்கு என்று அங்கே தடுத்துவிட்டார்கள். கடைசியில் பணம் கொடுத்து எங்கள் பெயரை நாங்களே வாங்கினோம். எவ்வளவு என்று எழுதக் கை வரவில்லை.

இன்னொன்று. வளைகுடாவுக்குப் பொதுவான டிரேட்மார்க் சட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாட்டில் போட்டால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று என்று நினைத்திருந்தோம். சட்டம்தான் பொது, பதிவு தனித்தனி.

பழங்கதைப்_பித்தன் | புதன், காலை 11:15

பாரிஸ் உடன்படிக்கையிலேயே இதற்கு ஒரு பிரிவு உண்டு. 6 செப்டீஸ் என்பார்கள். உரிமையாளரின் அனுமதியில்லாமல் அவருடைய ஏஜென்ட் தன் பெயரில் பதிந்தால் எதிர்க்கலாம், ரத்து கேட்கலாம், தன் பெயருக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் கவனியுங்கள், "அனுமதியில்லாமல்". காங்கேயம் வாட்ஸப்பில் "சரி சார், போட்டுக்கோங்க" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் அந்தப் பிரிவு செத்தது.

பெரிய கம்பெனிகளும் நாட்டு எல்லையில் தடுக்கி விழுந்திருக்கின்றன. ஐபேடு பெயரை ஆப்பிள், தைவான் கம்பெனி ஒன்றிடம் வாங்கிவிட்டதாக நினைத்தது. சீனாவுக்கான பதிவு மட்டும் ஷென்ஜெனில் இருந்த அதன் சகோதரக் கம்பெனி, புரோவியூ, கையில் இருந்தது. 2012இல் 6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் டொயோட்டா கதை இன்னும் சுவாரசியம். பிரியஸ் கார் 1997இலேயே ஜப்பானில் வந்துவிட்டது. டில்லிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனி அதே பெயரை இந்தியாவில் பதிந்து வைத்திருந்தது. டொயோட்டா வழக்குப் போட்டு 2017இல் தோற்றது. உலகத்தில் புகழ் இருந்தால் போதாது, அந்த ஆள் பெயரை எடுத்த 2001 வாக்கில் இந்தியாவில் அந்தப் புகழ் வந்து சேர்ந்திருந்ததா என்று கேட்டார்கள். காட்ட முடியவில்லை.

சும்மா_படிப்பவன் | புதன், காலை 11:40

டொயோட்டாவுக்கே இந்தக் கதியென்றால் காளை என்ன செய்யும்.

குறிஞ்சி_வக்கீல் | புதன், மதியம் 3:25

காளையை ஓரமாகக் கட்டிவைக்கலாம் என்பதுதான் என் யோசனை. காங்கேயம் தம்பி, பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது வண்ண லேபிள், தமிழ் எழுத்து, காளை. மாட்ரிட்டில் போகும் சின்னம் அடிப்படை மனுவில் உள்ளதோடு அச்சு அசலாக ஒத்துப்போகவேண்டும். காளையை எடுத்துவிட்டோ, நிறத்தை விட்டோ அனுப்ப முடியாது. அந்த லேபிளின் பலவீனமான இடமே காளைதான். அதை வைத்து வெளியே போனால் பனியன் அண்ணன் கதை.

மனு பதினாலு மாதப் பழையது, ஆகவே ஆறு மாத முன்னுரிமையும் போய்விட்டது. ஆனால் உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் வெறும் சொல்லாக, கறுப்பு வெள்ளையில், நீங்கள் இதுவரை எங்கும் பதியவில்லை. அது தனிச் சின்னம். தேடிப் பார்த்து, 29லும் 30லும் வழி இருந்தால் புதிதாக இந்தியாவில் போடுங்கள். சிறு நிறுவனச் சான்று இருந்தால் இணையத்தில் வகுப்புக்கு ₹4,500. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் உங்களுக்குப் புதிதாக ஓடத் தொடங்கும். பொருட்பட்டியலை "நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, சாம்பார்பொடி" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பின்னால் மாட்ரிட்டில் அதைச் சுருக்கலாமே தவிர நீட்ட முடியாது.

தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும் விடவேண்டாம். சிங்கப்பூர், மலேசியாவில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாட்ரிட்டில் ஒரு மனுவுக்கு ஒரு சின்னம்தான். தமிழ் எழுத்து தனி மனு, அதன் உச்சரிப்பை லத்தீன் எழுத்தில் எழுதியும் காட்டவேண்டும். பணம் இரட்டிப்பு என்பதால் இப்போதைக்கு இந்தியாவோடு நிறுத்தலாம்.

சிங்கை_தம்பி | புதன், மாலை 4:10

இந்த ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூரையும் மலேசியாவையும் நேரடியாகப் போட்டுவிடலாமே? இந்தியத் தேதியே கிடைக்கும், இந்திய மனு விழுந்தாலும் இவை விழாது.

குறிஞ்சி_வக்கீல் | புதன், மாலை 4:32

ஆமாம், அதையேதான் சொல்ல வந்தேன். சரக்கு ஓடுகிற இரண்டு நாடு நேரடி. சவூதியும் இலங்கையும், ஆர்டர் உறுதியென்றால், அதே ஆறு மாதத்தில் நேரடி. அமீரகத்துக்கு நேரடிச் செலவையும் மாட்ரிட் செலவையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். இந்தியாவில் சொல் மனு ஜர்னலில் வந்து, நாலு மாத ஆட்சேபணைக் காலம் சத்தமில்லாமல் கழிந்து, பதிவாகிவிட்டால், அப்போது ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஐரோப்பா என்று மாட்ரிட்டில் விரியுங்கள். முன்னுரிமைத் தேதி அப்போது இருக்காது, ஆனால் அடிமரம் கெட்டியாக இருக்கும்.

மதுரை_ஏற்றுமதி | புதன், மாலை 6:00

அமெரிக்காவை விட்டுவிட்டீர்களே?

குறிஞ்சி_வக்கீல் | புதன், மாலை 6:20

வேண்டுமென்றேதான். அங்கே விற்கும் எண்ணம் இருக்கிறது என்று தனி உறுதிமொழிப் படிவம் கேட்பார்கள். பாதுகாப்பு கிடைத்தபின் ஐந்தாவது வருடத்துக்கும் ஆறாவது வருடத்துக்கும் இடையில், உண்மையாக விற்கிறோம் என்று அத்தாட்சியோடு அமெரிக்க அலுவலகத்திலேயே தாக்கல் செய்யவேண்டும். வைப்போவில் புதுப்பித்துவிட்டோம் என்று உட்கார்ந்திருந்தால் அங்கே ரத்தாகிவிடும். அங்கே ஒரு டப்பாகூட விற்காதவருக்கு அது வீண்செலவு.

காங்கேயம்_செக்கு | வியாழன், இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. கன்சல்டன்ட்டிடம் சவூதி உண்டா என்று கேட்டேன். "புராசஸில் இருக்கிறது சார்" என்றார். எந்தெந்த நாடு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

மலேசியாக்காரரிடமும் பேசினேன். மனு எங்கள் பெயரில், விற்கும் அனுமதி உங்களுக்கு, எழுதிக்கொள்ளலாம் என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கியது, பிறகு சரி என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய லேபிள் மனு அப்பா பெயரில் இருக்கிறது. ஏற்றுமதி எல்லாம் ஃபர்ம் பெயரில். புது மனுவை ஃபர்ம் பெயரில் போட்டுவிடட்டுமா?

குறிஞ்சி_வக்கீல் | வியாழன், இரவு 9:30

நல்லவேளை கேட்டீர்கள். ஃபர்ம் பெயரில் போட்டால், பரிசோதகர் 11ஆம் பிரிவில் முதலில் எடுத்துக் காட்டப்போவது அப்பாவின் மனுவைத்தான். சட்டத்தின் கண்ணில் அவர் வேறு ஆள். மாட்ரிட் போகும்போதும் இந்திய மனுதாரரும் சர்வதேச மனுதாரரும் ஒருவராகவே இருக்கவேண்டும். அப்பாவிடமிருந்து ஃபர்முக்கு உரிமை மாற்றிக்கொடுக்கும் பத்திரம் எழுதி, டிரேட்மார்க் அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட்டு, அப்புறம் புது மனு.

காங்கேயம்_செக்கு | வியாழன், இரவு 9:41

அப்பாவிடம் கையெழுத்தா! காளையைப் படத்திலிருந்து எடுக்கப்போகிறேன் என்று சொன்னதற்கே நேற்றிலிருந்து பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.